சீனர்கள் நிறைந்த சிங்கப்பூரில் எதற்குத் தனி ‘சைனாடவுன்’? காப்பாற்றியது என்ன, கைவிட்டுப் போனது என்ன?

சிங்கப்பூர் குடிமக்களில் நான்கில் மூன்று பேர் சீன வம்சாவளி. அப்படியிருக்க, அந்த ஊரில் தனியாக ஒரு ‘சைனாடவுன்’ எதுக்கு? லண்டன்ல இருக்கலாம், கொல்கத்தாவுல இருக்கலாம். அங்கெல்லாம் சீனர்கள் சிறுபான்மை. சிங்கப்பூர்ல ஊரே சைனாடவுன்தானே?

கேள்வி விளையாட்டாத் தெரியலாம். ஆனா இதற்கான பதிலில் 200 வருஷ நகர வரலாறே அடங்கியிருக்கு. பழைய நகர மையத்தை இடித்துவிட்டுப் புதுசாகக் கட்டுவதா, அப்படியே காப்பாற்றுவதா என்று உலகம் முழுக்க நகரங்கள் திண்டாடுகின்றன. சிங்கப்பூர் இரண்டையும் செய்து பார்த்த ஊர். ஒரு பகுதியை இடித்தது, ஒரு பகுதியைக் காப்பாற்றியது. காப்பாற்றிய பகுதிக்கு உயிர் கொடுக்கக் கோடிக்கணக்கில் செலவும் செய்தது. அதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பார்த்தால், எந்த ஊரின் ‘பாரம்பரிய மேம்பாட்டுத் திட்டத்தையும்’ எடைபோட ஒரு அளவுகோல் கிடைக்கும்.

யார் போட்ட கோடு இது?

1822-ல் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் சிங்கப்பூருக்கு ஒரு நகரத் திட்டம் போடச் சொன்னார். இன்னார் இந்தப் பக்கம் என்று இனவாரியாக இடம் பிரித்த திட்டம் அது. சிங்கப்பூர் ஆற்றுக்குத் தெற்கே சீனர்களுக்கு. ஆற்றை ஒட்டி இன்னும் கொஞ்சம் மேலே ‘சூலியா கம்போங்’, அதாவது தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு. மலாய், அரபு, புகிஸ் மக்களுக்குக் கம்போங் கிளாம் பக்கம். ஐரோப்பியர்களுக்குத் தனி நகரம்.

ஆக, ‘சைனாடவுன்’ என்பது அங்கே வாழ்ந்தவர்கள் வைத்த பெயர் இல்லை. ஆண்டவர்கள் வரைபடத்தில் போட்ட கட்டம். உள்ளூர் சீனர்கள் அந்த இடத்தைக் கூப்பிடுவது ‘நியூ சே ஷுய்’ என்று. மலாயில் ‘கிரேத்தா ஆயர்’. இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: மாட்டுவண்டித் தண்ணீர். குழாய் வராத காலத்தில் ஆன் சியாங் குன்று, ஸ்பிரிங் தெரு பக்கம் இருந்த கிணறுகளிலிருந்து மாட்டுவண்டியில் தண்ணீர் ஏற்றிவந்து விற்றார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

‘சீனர்கள்’ என்ற ஒற்றைச் சொல்லும் அங்கே சரிப்படாது. தெலோக் ஆயர், அமோய் தெருப் பக்கம் ஹொக்கியன்காரர்கள். ஆற்றோரம் தியோசூ மக்கள். கிரேத்தா ஆயர் பக்கம் கான்டனீஸ் பேசுகிறவர்கள். தெருவுக்குத் தெரு பேச்சு மாறும், சாமி மாறும், சாப்பாடும் மாறும்.

சைனாடவுனுக்குள்ள மாரியம்மன்

தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. சைனாடவுனின் பிரதான சாலையான சவுத் பிரிட்ஜ் சாலையில் நிற்கிறது ஸ்ரீ மாரியம்மன் கோயில். 1819-ல் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து வந்து இறங்கிய நாராயண பிள்ளை முன்னின்று 1827-ல் எழுப்பியது. சிங்கப்பூரின் மிகப் பழைய இந்துக் கோயில். பக்கத்துச் சந்துக்கு ‘பகோடா தெரு’ என்று பெயர் வந்ததே இந்தக் கோயில் கோபுரத்தால்தான். இன்று சைனாடவுன் ரயில் நிலையத்திலிருந்து வெளியே வருகிறவர்கள் முதலில் நடக்கும் தெரு அதுதான். சீனப் புத்த கோபுரத்தால் வந்த பெயர் என்று நினைத்துக்கொண்டே பலர் நடந்துபோகிறார்கள்.

அதே சாலையில் சில அடி தூரத்தில் ஜாமியா சூலியா பள்ளிவாசல். 1826-ல் தமிழ் முஸ்லிம்கள் தொடங்கியது. தெலோக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா. அங்கேயே இன்னொரு பழைய பள்ளிவாசலான அல் அப்ரார். அதற்கு மக்கள் வைத்த பெயர் ‘குச்சுப் பள்ளி’. முதலில் குடிசையாக இருந்ததால் வந்த தமிழ்ப் பெயர். இவற்றுக்கு நடுவே, அதே தெருவில், 1839 முதல் 1842 வரை கட்டப்பட்ட ஹொக்கியன்காரர்களின் தியான் ஹாக் கெங் கோயில். கடல் கடந்து வந்து சேர்ந்தவர்கள் கடல் தெய்வம் மாசுவுக்கு நன்றி சொல்லிக் கட்டியது.

வரைபடத்தில் போட்ட கோட்டை மக்கள் அப்பவே மதிக்கவில்லை என்பதற்கு இந்த ஒரு தெருவே போதும்.

இடிக்கணும்னு ஏன் நினைச்சாங்க?

பழைய தெருக்களின் புகைப்படம் பார்த்து ஏங்குகிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடக் கூடாது. அந்தக் கடைவீடுகள் அழகானவைதான். கீழே கடை, மேலே வீடு, முன்னால் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி நடக்க அஞ்சடிப் பாதை, நடுவில் வெளிச்சத்துக்கு ஒரு முற்றம். ஆனால் ஒரு குடும்பத்துக்குக் கட்டிய வீட்டில் எத்தனை குடும்பம் இருந்தது என்பதுதான் விஷயம்.

1950-களில் பாரிங்டன் கே என்ற சமூகவியல் ஆய்வாளர் சைனாடவுனின் ‘அப்பர் நான்கின் தெரு’ என்ற ஒரே தெருவை எடுத்து வீடுவீடாகக் கணக்கெடுத்தார். 1960-ல் அது புத்தகமாக வந்தது. பலகை அடித்துத் தடுத்த அறைகள், பலவற்றில் ஜன்னலே கிடையாது. ஒரு அறைக்கு ஒரு குடும்பம், பொதுச் சமையலறை, பொதுக் கழிப்பறை. சாகும் தறுவாயில் இருப்பவரை அந்த அறைகளில் வைத்துப் பார்க்கவும் முடியாது. வீட்டில் சாவு நடந்தால் ஆகாது என்ற நம்பிக்கையும் இருந்தது. அதனால் சாகோ சந்தில் ‘சாவு விடுதிகள்’ இருந்தன. கடைசி நாள்களை அங்கே போய்க் கழிப்பார்கள். 1961-ல்தான் அவை தடை செய்யப்பட்டன.

இதைத் தெரிந்துகொண்டால்தான், 1960-ல் உருவான வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அடுக்குமாடி வீடுகளைக் கட்டித் தள்ளியபோது மக்கள் ஏன் போனார்கள் என்பது புரியும். சொந்தக் குழாய், சொந்தக் கழிப்பறை, ஜன்னல். 1966-ல் வந்த நில எடுப்புச் சட்டம் அரசுக்கு நிலத்தை எடுத்துக்கொள்ளப் பெரிய அதிகாரம் கொடுத்தது. பழைய நகரத்தின் பகுதிகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு அலுவலகக் கோபுரங்களும் வணிக வளாகங்களும் எழுந்தன. சைனாடவுன் ஓரத்திலேயே 1970-களின் தொடக்கத்தில் பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸ் வந்தது.

அப்படிப் போனவற்றில் தமிழர் வரலாறும் உண்டு. ஆற்றோரம் இருந்த மார்க்கெட் தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் வரிசையாக இருந்தன. ஒரே நீளக் கூடத்தில் ஆளுக்கொரு சின்ன மேசை, ஒரு பெட்டி. அதிலிருந்துதான் தோட்டங்களுக்கும் கடைகளுக்கும் கடன் போனது. நகரச் சீரமைப்பில் அந்தக் கிட்டங்கிகள் போயின. இன்று அந்த இடம் வானுயர்ந்த நிதி நிறுவனங்களின் பகுதி. வட்டிக் கணக்கு அங்கே இன்னும் ஓடுகிறது. கணக்கு எழுதியவர்களின் சுவடுதான் இல்லை.

அப்புறம் ஏன் மனசு மாறினாங்க?

பாசம் மட்டும் காரணம் இல்லை, பணமும்தான். 1983-ல் சிங்கப்பூருக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் எண்ணிக்கை குறைந்தது. ஏன் என்று ஆராய அரசு ஒரு குழு போட்டது. 1984-ல் வந்த அதன் அறிக்கை நேராகவே சொன்னது: நவீன நகரம் கட்டுகிற வேகத்தில், ஆசிய ஊருக்கே உரிய பழைய கட்டடங்களையும் தெருவோர வாழ்க்கையையும் நாமே துடைத்தெடுத்துவிட்டோம்.

யோசித்துப் பாருங்க, 1983-லேயேதான் சைனாடவுன் தெருக்களில் இருந்த வியாபாரிகள் எல்லாரும் கிரேத்தா ஆயர் காம்ப்ளெக்ஸ் என்ற புதுக் கட்டடத்துக்குள் மாற்றப்பட்டார்கள். சுத்தம், சுகாதாரம், போக்குவரத்து என்று காரணங்கள் நியாயமானவை. ஆனால் தெரு காலியானது. அதற்கு அடுத்த வருஷமே, தெரு ஏன் காலியாக இருக்கிறது என்று அரசுக் குழு கேட்டது.

1986-ல் நகரச் சீரமைப்பு ஆணையம் பாதுகாப்புத் திட்டத்தை வெளியிட்டது. அதற்கு முன்னோட்டமாக தஞ்சோங் பகாரில் 32 கடைவீடுகளைத் தானே சீரமைத்துக் காட்டியது. இடிந்து விழும் நிலையில் இருந்த வீட்டையும் காப்பாற்றலாம், அதில் காசும் பார்க்கலாம் என்று தனியாருக்கு நிரூபிக்க வேண்டியிருந்தது. 1989 ஜூலையில் சைனாடவுன், லிட்டில் இந்தியா, கம்போங் கிளாம் உள்ளிட்ட பகுதிகள் சட்டப்படி பாதுகாக்கப்பட்டவையாக அறிவிக்கப்பட்டன. இன்று சிங்கப்பூர் முழுக்கப் பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் 7,000-க்கும் மேல்.

விதிகள் கறாரானவை. முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் கண்ணாடிக் கோபுரம் கட்டும் வேலை சைனாடவுன் போன்ற வரலாற்றுப் பகுதிகளில் நடக்காது. கூரை, சுவர், மரத்தளம், முற்றம் எல்லாமே இருக்கணும். முடிந்தவரை அப்படியே வைத்திருப்பது, தேவையான இடத்தில் மட்டும் மீட்டெடுப்பது, பழுதைக் கவனமாகச் சரிபார்ப்பது என்பதுதான் கொள்கை. பதிலுக்கு, சீரமைக்கும் உரிமையாளர்களுக்குச் சில கட்டணங்களிலிருந்து விலக்கு உண்டு. இந்தப் பகுதி உண்மையிலேயே நன்றாக வேலை செய்தது. நகர மையத்தில் ஒவ்வொரு அடி நிலமும் தங்க விலை விற்கும் ஊரில், இரண்டு மாடி மூன்று மாடி வீடுகள் வரிசையாக நிற்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

சரி, இதுல சிக்கல் எங்க?

சட்டம் காப்பாற்றியது கட்டடத்தை. வாடகைதாரரை இல்லை.

1947-ல் போருக்குப் பிந்தைய வீட்டுப் பஞ்சத்தில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பழைய கட்டடங்களில் வாடகையை ஏற்ற முடியாது. இதனால் நல்லதும் நடந்தது, கெட்டதும் நடந்தது. சொற்ப வாடகை வருவதால் உரிமையாளர்கள் பராமரிப்பில் காசு போடவில்லை, வீடுகள் சிதைந்தன. அதே சொற்ப வாடகையால்தான் விளக்குக் கடைக்காரர், மூலிகை வைத்தியர், காகிதத்தில் சடங்குப் பொருள் செய்கிறவர், எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கடிதம் எழுதிக் கொடுப்பவர் என்று சின்ன வருமானக்காரர்கள் நகரத்தின் நடுவிலேயே பிழைக்க முடிந்தது.

பாதுகாப்புத் திட்டம் வரும்போது இந்தக் கட்டுப்பாடு படிப்படியாக விலக்கப்பட்டது. 2001-ல் சட்டமே ரத்தானது. கணக்கு எளிது. கட்டடத்தைச் சீரமைக்க உரிமையாளர் பெரிய தொகை போடுகிறார். அதை வாடகையில் எடுக்கணும். காகித விளக்கு விற்கிறவரால் அந்த வாடகை கொடுக்க முடியாது. மதுக்கூடம், விளம்பர நிறுவனம், நினைவுப்பொருள் கடை ஆகியவற்றால் முடியும். வணிகக் கடைவீடுகளை வெளிநாட்டினரும் வாங்கலாம். அதனால் இன்று அவை பெரும் பணக்காரர்களின் முதலீட்டுப் பொருளாகவும் ஆகிவிட்டன.

யாரும் யாரையும் துரத்தவில்லை. போனவர்களுக்கு இழப்பீடும் மாற்று வீடும் கிடைத்தன. இருந்தாலும், ஓடு மாறாமல் வீட்டுக்குள் இருந்தவர்கள் எல்லாரும் மாறிவிட்டார்கள்.

9.75 கோடி டாலரில் வாங்க நினைத்த கலகலப்பு

1998-ல் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகம் 9.75 கோடி சிங்கப்பூர் டாலர் செலவில் சைனாடவுனுக்குப் புத்துயிர் கொடுக்கும் திட்டத்தை அறிவித்தது. உணவுத் தெரு, பஞ்சபூதத் தோட்டங்கள், கலையரங்கம், விளக்க மையம் எல்லாம் அதில் இருந்தன. எதிர்ப்பு கிளம்பியது. சிங்கப்பூர் மரபுடைமைச் சங்கம் உள்ளிட்டோர் எழுப்பிய கேள்வியின் சாரம் இதுதான்: இது யாருக்கான சைனாடவுன்? சிவப்பு விளக்கும் டிராகனும் வைத்து, எந்த நாட்டிலும் இருக்கக்கூடிய ஒரு ‘சீனத்தனத்தை’ ஒட்டவைத்தால், ஹொக்கியன், கான்டனீஸ், தமிழ், மலாய் எல்லாம் கலந்த இந்த ஊருக்கே உரிய சைனாடவுன் எங்கே போகும்? விமர்சனத்துக்குப் பிறகு திட்டத்தில் சில மாற்றங்கள் செய்யப்பட்டன.

அந்தத் திட்டத்தில் வந்தவற்றில் ஒன்று நிலைத்தது, இன்னொன்று நிலைக்கவில்லை.

2002-ல் பகோடா தெருவில் மூன்று கடைவீடுகளை இணைத்து சைனாடவுன் மரபுடைமை நிலையம் திறக்கப்பட்டது. பழைய தடுப்பறைகள், புழுக்கமான சமையலறை, படுக்கைக்கு அடியில் சாமான் என்று அந்த நெரிசல் வாழ்க்கையை அளவு குறைக்காமல் காட்டியது. அழகுபடுத்தாமல் கஷ்டத்தையும் சேர்த்துச் சொன்னதால் அதற்கு மரியாதை கிடைத்தது.

இன்னொன்று ஸ்மித் தெருவில் 2001-ல் திறந்த ‘சைனாடவுன் உணவுத் தெரு’. இந்த இடத்தைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்கணும். ஸ்மித் தெரு 1983 வரைக்கும் நிஜமான தெருக்கடைகள் நிரம்பிய தெரு. அவர்களைக் கட்டடத்துக்குள் அனுப்பிவிட்டு, 18 வருஷம் கழித்து அதே தெருவில், தெருக்கடை மாதிரியே வண்டிகள் வைத்து, பழைய அனுபவத்தைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தார்கள். 2014-ல் மேலே உயரமான கண்ணாடிக் கூரை போட்டு மீண்டும் புதுப்பித்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலானோர் சுற்றுலாப் பயணிகள். கொரோனாவில் பயணிகள் நின்றதும் தெரு வெறிச்சோடியது. 2021 அக்டோபரோடு மூடப்பட்டது.

அந்தத் தெருவை ஒட்டியே, அன்று வியாபாரிகள் அனுப்பப்பட்ட அதே கட்டடம் நிற்கிறது. இப்போது பெயர் சைனாடவுன் காம்ப்ளெக்ஸ். கீழே ஈரச்சந்தை, மேலே சிங்கப்பூரின் மிகப் பெரிய உணவங்காடி நிலையம். பார்வைக்குச் சுமாரான கான்கிரீட் கட்டடம், பாரம்பரிய அழகு எதுவும் கிடையாது. ஆனால் கொரோனாவிலும் பார்சல் வாங்க ஆள் இருந்தது. 2016-ல் மிஷெலின் நட்சத்திரம் வாங்கி உலகச் செய்தியான சோயா சாஸ் கோழிச் சோறு இங்கே ஒரு சின்னக் கடையில் விற்றதுதான். வெளியே சதுக்கத்தில் பெரியவர்கள் சீனச் சதுரங்கம் ஆடுகிறார்கள். சுற்றிலும் அடுக்குமாடி வீடுகளில் வயதானவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது பார்க்கப்போகும் இடம் இல்லை, காலைச் சாப்பாட்டுக்குப் போகும் இடம்.

அதாவது, உயிர் கொடுக்கப் போட்ட திட்டத்துக்கு உயிர் வரவில்லை. சுத்தத்துக்காகக் கட்டிய கட்டடத்தில் அது இருந்துகொண்டே இருந்தது.

எது தங்கியது? ஒரே கேள்வியில் விடை

இதையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. யாருக்கு வாடகைப் பயம் இல்லையோ அவர்கள் தங்கினார்கள்.

மாரியம்மன் கோயில் தங்கியது. இந்து அறக்கட்டளை வாரியம் நடத்துகிறது. 1973 முதல் தேசிய நினைவுச்சின்னம். அது காட்சிப்பொருளாகவும் ஆகவில்லை. 2023 பிப்ரவரியில் கும்பாபிஷேகம் நடந்தது. ஆண்டுதோறும் தீபாவளிக்கு முன் தீமிதி நடக்கிறது. பக்தர்கள் சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலில் கிளம்பி, நகரத்தை நடந்து கடந்து, சைனாடவுனுக்குள் வந்து பூக்குழி இறங்குகிறார்கள். ஜாமியா சூலியா பள்ளிவாசல் தங்கியது. வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் அங்கே இன்றும் தமிழில். சொந்தக் கட்டடம் வைத்திருந்த சீனக் குலச் சங்கங்கள் தங்கின. சலுகை வாடகையில் கடை பெற்ற முதல் தலைமுறை உணவுக்கடைக்காரர்கள் தங்கினார்கள். வெளிச்சந்தை வாடகைக்கு விடப்பட்டவர்கள் போய்விட்டார்கள்.

தங்கியவர்களுக்கும் முழு உத்தரவாதம் இல்லை. சிங்கப்பூர் உணவங்காடிப் பண்பாடு 2020-ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்தது. ஆனால் அந்தக் கடைக்காரர்களில் பாதிப் பேர் 60 வயதை நெருங்கியவர்கள் அல்லது தாண்டியவர்கள். விடிகாலையில் எழுந்து அடுப்பு முன் நிற்கும் வேலைக்குப் பிள்ளைகள் வருவதில்லை. சலுகை வாடகை பெரும்பாலும் அந்தத் தலைமுறையோடு முடிந்துவிடும். பாட்டியின் கைப்பக்குவத்துக்குப் பட்டியலில் இடம் கிடைத்தாலும், அடுப்பைப் பற்றவைக்க ஒரு ஆள் வேணுமே.

புதுசாக வருகிறவர்களும் உண்டு. சீனாவிலிருந்து சமீப காலத்தில் குடியேறியவர்கள் சிச்சுவான் காரத்திலும் வடசீன நூடுல்ஸிலும் கடைகள் திறந்திருக்கிறார்கள். ‘இது நம்ம சைனாடவுன் சாப்பாடே இல்லையே’ என்று பழைய கான்டனீஸ் குடும்பங்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் 1820-களில் படகில் வந்து இறங்கியவர்களும் அந்த ஊருக்குப் புதியவர்கள்தான். புத்தர் பல் சின்னக் கோயிலும் அப்படித்தான். பல நூற்றாண்டுப் பழமை போலத் தெரியும், திறந்தது 2007-ல். பக்தர்கள் வருகிறார்கள், கும்பிடுகிறார்கள். இன்னும் 50 வருஷத்தில் அதுவும் பாரம்பரியம் ஆகிவிடும்.

நம்ம ஊருக்கு ஒரு திட்டம் வந்தா என்ன கேட்கலாம்?

பழைய நகரத்துக்கு மேம்பாடு என்று எங்கே அறிவிப்பு வந்தாலும், கணினியில் வரைந்த அழகான படம் முதலில் வரும். கல் பதித்த நடைபாதை, பழங்கால விளக்குக் கம்பம், காபி குடிக்கும் இளைஞர்கள். அதைப் பார்க்கும்போது சிங்கப்பூர் கதையிலிருந்து மூன்று கேள்விகளை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று, வேலை முடிந்த மறு வருஷம் வாடகை என்ன? கட்டடத்துக்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது; இப்போது கடை வைத்திருப்பவருக்கு என்ன இருக்கிறது?

இரண்டு, சுற்றுலாப் பயணி ஒருவர்கூட வராத மாதத்தில் அந்தத் தெரு என்ன செய்யும்? பக்கத்தில் குடியிருப்பவர்கள் காய்கறி வாங்க, சாப்பிட, சாமி கும்பிட அங்கே வருவார்கள் என்றால் தெரு பிழைக்கும். இல்லையென்றால் ஸ்மித் தெரு கதைதான்.

மூன்று, யாருடைய கதையைச் சொல்கிறார்கள்? சைனாடவுன் என்று பெயர் வைத்தால் மாரியம்மன் கோயிலையும் சூலியா பள்ளிவாசலையும் ஓரத்துக் குறிப்பாக்கிவிடுவது சுலபம். எந்தப் பழைய தெருவும் ஒரே சமூகத்தின் தெருவாக இருந்ததில்லை.

அடுத்த முறை சிங்கப்பூர் போனால், பகோடா தெரு வழியாகவே போங்க. நினைவுப்பொருள் கடைகளைத் தாண்டி, தெருவின் முடிவில் கோபுரத்தைப் பாருங்க. பிறகு ஸ்மித் தெருவுக்கு வந்து, பக்கத்துக் கட்டடத்தின் மாடி ஏறி, எந்தக் கடை முன்னால் பெரியவர்கள் வரிசையில் நிற்கிறார்களோ அந்த வரிசையில் நில்லுங்க. 1983-ல் தெருவிலிருந்து மாடிக்கு ஏறிய தலைமுறையில் சிலர் இன்னும் அங்கே சமைக்கிறார்கள்.